ஏற்காட்டில் வைக்காமல் அகச்சிவப்புத் தொலைநோக்கியை விண்வெளிக்கு ஏன் அனுப்புகிறார்கள்?

ஏற்காடு 1500 மீட்டர் உயரம்தானே, அங்கேயே வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. உயரம் கொஞ்சம் உதவும், ஆனால் சேர்வராயன் மலைமேல் எப்போதும் ஈரக்காற்று, அந்த நீராவியும் கரியமில வாயுவும்தான் அகச்சிவப்புக் கதிரில் பெரும்பகுதியை விழுங்குகின்றன. அது மட்டுமில்லை, நம் காற்றும் தொலைநோக்கியுமே வெப்பத்தால் அகச்சிவப்பில் ஒளிர்கின்றன. அதனால்தான் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அதன் ஒரு கருவியை மைனஸ் 266 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்விக்கிறார்கள்.

சரி, வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களின் காற்றை இந்தத் தொலைநோக்கியால் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கோள் தன் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது, விண்மீன் ஒளியில் ஒரு துளி அதன் வளிமண்டலத்தை ஊடுருவி வருகிறது, எந்த அலைநீளம் குறைகிறதோ அதை வைத்து வாயுவைச் சொல்லிவிடலாம். 2022-இல் வாஸ்ப்-39பி கோளில் 4.3 மைக்ரான் அலைநீளத்துக்கு அருகே கரியமில வாயு தெளிவாகச் சிக்கியது.

அந்தக் கோள்களின் தரையைப் பார்ப்பது எனக்கு இன்னும் பிடித்த பகுதி. வெயிலில் காய்ந்த சேலத்துப் பாறை பொழுது சாய்ந்தும் அனல் வீசுவதுபோல, கோளின் பாறையும் வெப்பத்தை உமிழ்கிறது, அதை அளக்கலாம். எல்எச்எஸ் 3844பி கோளை ஸ்பிட்சர் என்ற அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது பகல் பக்கம் சுமார் 770 டிகிரி செல்சியஸ், இரவுப் பக்கத்தில் வெப்பமே தென்படவில்லை. அடர்ந்த காற்று இருந்திருந்தால் வெப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோயிருக்கும். ஆக அங்கே காற்று இல்லை, அல்லது மிக மெல்லியது. தரை எரிமலைக் கருங்கல் போன்ற கறுத்த பாறையாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள்.