பிரசிடென்ட் அக்கா பதில்கள்

கே: எங்கள் ஊர் பஞ்சாயத்துத் தலைவர் பதவி அடுத்த தேர்தலில் பெண்களுக்குப் போகும் என்கிறார்கள். என் மனைவியை நிறுத்தச் சொல்கிறார்கள் நண்பர்கள். அவள் யோசிக்கிறாள். “நீ கையெழுத்து மட்டும் போடு, மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே அக்கா?
*– ஒரு வாசகர், திருமங்கலம்*

அந்தக் கையெழுத்துதான் தம்பி எல்லாமே. மீதி என்று எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்?

2001 அக்டோபரில் நான் ஜெயித்தபோது என் வீட்டுக்காரரும் இதையேதான் சொன்னார். முதல் கூட்டத்தன்று தலைவர் நாற்காலியில் அவர். நான் மெம்பர்களோடு வாசல் பக்கத்து பெஞ்சில். கிளார்க் தீர்மான நோட்டை நேராக அவரிடம் நீட்ட, அவரும் பேனா மூடியைக் கழற்றிவிட்டார். “இருங்க, அதுல எம்பேரு தானுங்களே இருக்குது?” என்றேன். வேறெதுவும் சொல்லவில்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சே கிடையாது. மூன்றாம் நாள் மொபெட்டில் ஏற்றி பி.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு, எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஐந்து வருஷமும் அதுதான் அவருக்கு ஆபீஸ்.

தணிக்கையில் ஆட்சேபணை எழுதினால் உங்கள் பெயருக்கு எழுத மாட்டார்கள். தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் பஞ்சாயத்துச் சட்டத்தின் 205ஆவது பிரிவில் கலெக்டர் விளக்கம் கேட்டாலும் அம்மணியைத்தான் கேட்பார். அவர் யோசிக்கிறார் என்றீர்களே, என்ன யோசிக்கிறார் என்று கேட்டீர்களா?

கே: துணைத் தலைவருக்கு அப்படி என்ன அதிகாரம்? சும்மா ஒரு பதவிதானே?
*– ஒரு வாசகர், பல்லடம்*

செக்கில் தலைவரோடு அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். என் காலத்தில் ஒருவருக்கு மூன்று மாதம் பேனாவே கிடைக்கவில்லை. தெருவிளக்கு வாங்கிய கடைக்காரர் தினமும் என் வீட்டில்தான் டீ குடித்தார்.

கே: உங்களுக்குப் பிடித்த உள்ளாட்சித் தலைவர் யார்? முதலமைச்சர், மந்திரி என்று மேலே போனவர்களைச் சொல்லக் கூடாது.
*– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்*

சேலம் நகராட்சிக்குத் தலைவராக இருந்த ராஜாஜியைத் தட்டிவிட்டீர்கள். ஈரோடு நகராட்சியில் இருந்த பெரியார் மந்திரியாகவில்லை என்று சொல்லி அவரை எழுதலாம். ஆனால் என் மனசில் இருப்பது எங்கள் காலத்து ஆள். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை சண்முகம். 1996லிருந்து 2006 வரை இரண்டு முறை தலைவர்.

குடிதண்ணீர் கொண்டுவருவது பாதி வேலைதான். தண்ணீர் மேலே ஏற மோட்டார் ஓட வேண்டும், மோட்டார் ஓடினால் கரண்ட் பில் வரும். ஓட்டுப் போட்டவர்கள் குழாயைப் பார்ப்பார்கள். பில்லைப் பார்ப்பவர் பிரசிடென்ட் மட்டும்தான். நாங்களெல்லாம் மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைத்தோம். அவரோ, மரக்கழிவிலிருந்து வாயு எடுத்து மோட்டார் ஓட்டிப் பார்த்தார். அதோடு விடாமல், 2006ல் பஞ்சாயத்துக்கென்று 350 கிலோவாட் காற்றாலையே வாங்கிவிட்டார். விலை 1.55 கோடி. பஞ்சாயத்தின் சேமிப்பு 40 லட்சம், மீதி 1.15 கோடி வங்கிக் கடன். எங்கள் பஞ்சாயத்துக் கணக்கில் 40 ஆயிரம் இருந்தாலே அன்றைக்கு என் வீட்டில் பாயசம்! கிராமப் பஞ்சாயத்தை நம்பி ஒரு வங்கி கோடிக்கணக்கில் கொடுக்கும் என்பதும் அதைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியும்.

காற்றாலை ஓடந்துறையில் இல்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். அது நிற்பது தொலைவில், உடுமலை பக்கம் மைவாடியில். காற்று எங்கே அடிக்கிறதோ அங்கே நட்டார். ஊர்ப் பணத்தில் வாங்கியதை ஊர்க் கண்ணில் படாத இடத்தில் வைக்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? நானாக இருந்தால் பஸ் ஸ்டாப் பக்கத்தில் வைத்து, கல்வெட்டில் பெயரையும் வெட்டியிருப்பேன். ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்றது அந்தப் பஞ்சாயத்து.

கே: நீங்கள் ஏன் மறுபடியும் நிற்கவில்லை?
*– ஒரு வாசகி, காங்கேயம்*

நின்றேன் கண்ணு. 2006ல் 41 ஓட்டில் தோற்றேன். வீட்டு வரியைக் கறாராக வசூலித்ததுதான் காரணம் என்று வீட்டுக்காரர் சொல்வார். என் வாய்தான் காரணம் என்று மாமியார் சொல்வார்.

ஓட்டு எண்ணிய மறுநாள் விடிகாலையில் டேங்க் ஆபரேட்டர் வந்து கதவைத் தட்டினார். “அக்கா, மோட்டார் காயில் போயிருச்சுங்.”

“நான் இப்ப பிரசிடென்ட் இல்லீங்களே” என்றேன்.

“அது தெரியுமுங்க. மெக்கானிக் போன் நம்பர் உங்ககிட்டத்தான இருக்குது?”

காலண்டர் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கிழித்துக் கொடுத்தேன்.