இரண்டு கண் மதகும் ஓர் எலக்ட்ரானும்

குவாண்டம் இயற்பியலில் மாயம் ஏதும் உண்டா? ஊர் நூலக வாசகர்கள் எழுதிப் போட்ட சீட்டுகளுக்கு ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்.

பாபநாசம்: நாம் பார்த்தால்தான் எலக்ட்ரான் ஒரு முடிவுக்கு வருகிறதாமே. அப்படியானால் உலகைப் படைப்பது மனம்தானே?

வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நிற்கும் நாளில் இரண்டு கண் மதகின் முன் ஒரு கல்லைப் போடுங்கள். சிற்றலை இரு கண்ணிலும் நுழைந்து, மறுபுறம் ஓரிடத்தில் எழும்பும், ஓரிடத்தில் அடங்கும். எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக, போக இரண்டு வழி வைத்து அனுப்பினாலும், எதிரே உள்ள திரையில் இப்படியே அடர்ந்தும் அடங்கியும் மாறி மாறி வரிகள் விழும். 1989-இல் ஜப்பானில் டோனோமுரா குழு இதைப் படமெடுத்துக் காட்டியது. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியாகவே விழுகிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தபின் வரி தெரிகிறது. எத்தனை முறை பாடம் நடத்தியும் எனக்கு இந்த வியப்பு தீரவில்லை.

ஆனால் 'பார்ப்பது' என்றால் கண்ணால் பார்ப்பதன்று. எந்த வழியே போனது என்ற தடம் வெளியே எங்காவது பதிந்தால் போதும், வரி மறைந்துவிடும். 2004-இல் வியன்னாவில் எழுபது கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளைச் சூடேற்றி அனுப்பினார்கள். சூட்டில் அவையே ஒளியை உமிழ்ந்தன, வரிகள் மங்கின. அந்த ஒளியை யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

மன்னார்குடி: பம்புசெட்டில் மாட்ட 'குவாண்டம் கருவி' விற்கிறார்கள். விளைச்சல் கூடுமா?

கூடாது. பெட்டியின்மேல் குவாண்டம் என்று எழுதியிருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

திருவையாறு: வெளிநாட்டில் மகனுக்குக் காய்ச்சல் என்றால் இங்கே தாய்க்குத் தெரிகிறது. இது குவாண்டம் பின்னல்தானே?

இல்லை. பின்னல் என்பது இணைந்த இரு துகள்களை எவ்வளவு தொலைவில் வைத்து அளந்தாலும் விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவது. அது உண்மை, அதைச் சோதித்துக் காட்டிய ஆஸ்பே, கிளவுசர், சைலிங்கர் மூவருக்கும் 2022-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அதன் வழியே ஒரு சேதியும் போகாது. தனித்தனியே பார்த்தால் இரு பக்கமும் பூவா தலையா கணக்குத்தான். இரு பக்கத்து அளவீட்டுக் குறிப்பேடுகளையும் அருகருகே வைத்தால்தான் பொருத்தம் தெரியும். தாய்க்கு மகனின் குரலே போதும்.

குடவாசல்: நாம் பார்த்தால்தான் எலக்ட்ரான்...

பாபநாசத்துக்குச் சொன்னதைப் படியுங்கள்.

சீர்காழி: ஜெனீவா அருகே துகள் இயற்பியல் செய்யும் செர்ன் ஆய்வகத்தில் நடராசர் சிலை இருக்கிறதே?

2004-இல் திறக்கப்பட்டது, இந்தியா தந்த அன்பளிப்பு. ஆய்வு முடிவன்று.

சீர்காழி, மறுபடியும்: சிதம்பர ரகசியமும் வெட்டவெளி, குவாண்டம் வெற்றிடமும் வெட்டவெளி. ஏன் மழுப்புகிறீர்கள்?

மழுப்பவில்லை, ஐயா. குவாண்டம் வெற்றிடம் வெறுமையே அன்று. புலங்களின் மிகக் குறைந்த ஆற்றல் நிலை. திரை விலகித் தங்க வில்வ மாலை தெரியும்போது எனக்கும் தொண்டை அடைக்கும். அதற்கு இயற்பியலிடம் போய்ச் சான்றொப்பம் வாங்குவானேன்?

சிதம்பரம்: சீர்காழிக்காரர் சொல்வதே சரி. குவாண்டம் இயற்பியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கரே வேதாந்தம் படித்தவர்.

ஆழ்ந்து படித்தவர்தான். ஆனால் அவருடைய 1926-ஆம் ஆண்டுச் சமன்பாட்டைப் போட வேதாந்தம் தெரிய வேண்டியதில்லை. கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், நாமகிரித் தாயார் அருளிய சூத்திரங்கள் என்றார். கேம்பிரிட்ஜ் கணித மேதை ஹார்டி நிரூபணம் கேட்டார். அருளும் இருக்கட்டும், நிரூபணமும் இருக்கட்டும். ஒன்றின் நாற்காலியில் மற்றொன்றை உட்கார வைக்காதீர்கள்.

வலங்கைமான்: குவாண்டம் வளையல் மூட்டுவலிக்கு...

கீழே வையுங்கள். மருத்துவரிடம் போங்கள்.

திருத்துறைப்பூண்டி மாணவி: எங்கே தொடங்குவது, ஐயா?

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் கலப்பெண்களும் அணிகளும் இருக்கின்றன, அம்மா. ஒரு பயிற்சியும் விடாமல் போட்டுவிட்டு சனிக்கிழமை வா. கரும்பலகை இருக்கிறது, சாக்பீஸ்தான் தீர்ந்துவிட்டது, வாங்கி வைக்கிறேன்.