தாத்தாவின் முத்திரை மோதிரத்தை அடையாளம் கண்டு மதிப்பிடுவது எப்படி?

கொல்லங்கோட்டு வீட்டில் தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த மோதிரத்தின் முகப்பில் கவராயமும் மூலைமட்டமும், நடுவே ‘ஜி’ (G) என்ற ஆங்கில எழுத்தும் இருப்பதாகவும், பாலக்காட்டு நகைக்கடையில் ‘இது 916 இல்லை’ என்று ஒதுக்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சின்னம் ஃப்ரீமேசன் என்ற சகோதரத்துவச் சங்கத்தினுடையது. இந்தியாவில் அதற்கான தனித் தலைமை அமைப்பு 1961இல் உருவானது.

வளையத்தின் உட்புறத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். அங்கே இருப்பதாக நீங்கள் சொல்லும் குறிகளில் 375 என்பது ஒன்பது காரட்டையும் (ஆயிரத்தில் 375 பங்கு தங்கம்), நங்கூரம் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் தங்கத்தின் தூய்மையைச் சோதித்து முத்திரையிடும் பரிசோதனைச் சாலையையும் குறிக்கும்; அவற்றோடு உள்ள ஒற்றை எழுத்து ஆண்டுக் குறி என்பதால், எழுத்தின் வடிவத்தையும் சுற்றியுள்ள கட்டத்தின் வடிவத்தையும் அந்நகரின் ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால் முத்திரையிட்ட ஆண்டு தெரியவரும். பிறகு முகப்பை மெழுகில் மெல்ல அழுத்துங்கள்: ‘ஜி’ நேராகப் பதிந்தால் அது அரக்கில் முத்திரையிடவே வெட்டியது, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பதிந்தால் அணிவதற்கு மட்டும் செய்தது.

ஆறு கிராம் எடையுள்ள 375 மோதிரத்தில் தூய தங்கம் 2.25 கிராம்தான், அது அடிமட்ட விலை மட்டுமே. தேயாத வெட்டு, உதிராத எனாமல், உள்ளே பொறித்த பெயரோ சங்க எண்ணோ, தாத்தா அதை அணிந்திருக்கும் புகைப்படம் ஆகியவையே அதற்கு மேலான மதிப்பைத் தருகின்றன. ஆகவே ஆசாரியிடம் மெருகேற்றவோ அளவு மாற்றவோ தயவுசெய்து கொடுக்காதீர்கள். ஒரு முறை மெருகேற்றினாலே முத்திரைக் குறிகள் மழுங்கிப்போகலாம். உருக்கக் கொடுப்பதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.