உள்ளூர் புரூவரியின் (பீர் காய்ச்சும் ஆலையின்) பீரா, தொலைவிலிருந்து வரும் பீரா? நீங்கள் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், ஏன்?

எந்த வகை பீர் என்று தெரிந்தால்தான் என்னால் இதற்குப் பதில் சொல்ல முடியும். ஹாப்ஸ் என்ற பூவின் மணத்துக்காகவே குடிக்கும் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்), பேல் ஏல், அப்புறம் கோதுமை பீர், மென்மையான லேகர் எல்லாம் பக்கத்தில் காய்ச்சியதாக இருந்தால்தான் எனக்குத் திருப்தி. கறுத்து, கனத்து, ஆல்கஹால் கூடிய இம்பீரியல் ஸ்டவுட், பார்லி வைன், பெல்ஜியத்தின் புளிப்பு பீர்கள் கடல் கடந்து வந்தாலும் தயங்காமல் வாங்குவேன். உள்ளூர்ச் சரக்கு என்பதற்காகவே ஒன்றைத் தூக்கிப் பிடிப்பதும் சரி, இறக்குமதி என்று போட்டிருப்பதைப் பார்த்தே கூடுதல் காசு கொடுப்பதும் சரி, எனக்கு ஒத்துவராது.

முதலில், தொலைவிலிருந்து வரும் பீருக்கு வழியில் என்ன ஆகிறது என்று பார்ப்போம். நாட்கள் போகின்றன. வெயிலில் நிற்கும் லாரியிலும், கப்பல் கன்டெய்னரிலும், குளிர்சாதனம் இல்லாத கிடங்கிலும் பெட்டிகள் சூடாகின்றன. நிரப்பும்போதே பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட கொஞ்சம் ஆக்சிஜன் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. இதில் முதலில் அடி வாங்குவது ஹாப்ஸ் மணம்.

ஹாப்ஸ் பூவிலிருந்து பீருக்கு முக்கியமாக இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கசப்பைத் தருகின்றன. மிர்சீன், லினலூல் போன்ற எண்ணெய்ப் பொருட்கள் மணத்தைத் தருகின்றன. கொதிக்கவிட்டால் இந்த எண்ணெய்கள் ஆவியாகிப் போய்விடும். அதனால்தான் புளிக்கும் சமயத்திலோ புளித்து முடிந்த பிறகோ மறுபடி ஹாப்ஸைப் போட்டு ஊறவிடுகிறார்கள். டிரை ஹாப்பிங் என்பது இதுதான். புதிதாக அரைத்த காப்பித் தூளின் வாசனை எப்படி நாளுக்கு நாள் இறங்குமோ, அப்படித்தான் இந்த மணமும் இறங்கும்.

ஒரே ஐபிஏவில் புதிதாக நிரப்பிய ஒரு கேனையும், சில மாதம் அறை வெப்பத்தில் கிடந்த இன்னொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றிப் பாருங்கள். புதியதில் மூக்கைக் கொண்டுபோவதற்கு முன்பே ஆரஞ்சுத் தோல், மாம்பழம், பைன் பிசின் என்று ஏதோ ஒன்று எழுந்து வரும். கசப்பு சுருக்கென்று இருந்துவிட்டு நாக்கைவிட்டுப் போய்விடும். பழையதில் நிறம் ஒரு படி மங்கிப் பழுப்பாகியிருக்கும். பழ வாசனை இருந்த இடத்தில் தேன் மாதிரி, காய்ச்சிய சர்க்கரை மாதிரி ஒரு தித்திப்பு மட்டும் இருக்கும். கசப்பு தொண்டையில் கரகரவென்று தங்கும். இன்னும் பழசானால் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். ட்ரான்ஸ்-2-நோனினால் என்ற சேர்மத்தை அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்வார்கள். நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே நம் மூக்கு அதைப் பிடித்துவிடும்.

பீர்த் தொழிலில் 3-30-300 என்று ஒரு கணக்கு உண்டு. ஏறக்குறைய 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் கிடப்பதும், 22 டிகிரியில் 30 நாள் கிடப்பதும், 3 டிகிரியில் 300 நாள் கிடப்பதும் பீரை ஒரே அளவுக்குக் கிழடாக்கும் என்பார்கள். தோராயக் கணக்குதான், ஆனால் இதை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் பார்வையே மாறிவிடும். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிக் காய்ச்சி, குளிரிலேயே வந்து, குளிரிலேயே நிற்கும் பீர், பக்கத்துத் தெருவில் காய்ச்சிச் சன்னலோரம் அடுக்கி வைத்திருக்கும் பீரைவிடப் புதிதாக இருக்கும். அங்கே நான் தயங்காமல் தூரத்து பீரைத்தான் எடுப்பேன். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஸ்டோன் புரூவிங் 2012-இல் ஒரு ஐபிஏவை வெளியிட்டபோது, இந்தத் தேதிக்குள் குடித்துவிடுங்கள் என்று அந்தத் தேதியையே பெயராக வைத்து லேபிளில் பெரிதாக அச்சிட்டது. அவர்கள் கொடுத்த கெடு ஐந்து வாரம் சொச்சம்தான். தொலைவுக்கு அனுப்பும் ஆலை இந்த அளவு அக்கறை காட்டினால் அதை நான் மதிக்கிறேன்.

அதனால் தேதியைப் பார்ப்பதை ஒரு பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கேனாக இருந்தால் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். பாட்டிலாக இருந்தால் கழுத்திலோ லேபிளின் ஓரத்திலோ புள்ளிப் புள்ளியாக அச்சிட்டிருக்கும். 'பெஸ்ட் பிஃபோர்' தேதி மட்டும் இருந்தால் எனக்கு அது போதாது; ஒரு ஆலை ஆறு மாதம் கொடுக்கும், இன்னொன்று ஒரு வருடம் கொடுக்கும். நிரப்பிய தேதிதான் வேண்டும். சிலர் அதைச் சங்கேதமாக எழுதுவார்கள். 25143 என்று இருந்தால் பெரும்பாலும் 2025-ஆம் ஆண்டின் 143-ஆவது நாள், அதாவது மே 23. ஹாப்ஸ் தூக்கலான பீர் என்றால் நிரப்பி ஒன்றிரண்டு மாதத்துக்குள் இருப்பதாகப் பார்த்து எடுப்பேன். கோதுமை பீரும் அப்படித்தான், அதிலிருக்கும் வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் நெடுநாள் நிற்காது.

வெளிச்சத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்மீது, பீரில் இயல்பாக உள்ள ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) துணையோடு வெளிச்சம் பட்டால், கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகும். ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்தோடு அதை ஒப்பிடுவார்கள். நேர் வெயிலில் சில நிமிடங்களே போதும். பழுப்புக் கண்ணாடி இதை ஓரளவு தடுக்கும்; பச்சையும் நிறமில்லாத கண்ணாடியும் அவ்வளவாகத் தடுக்காது. கேனுக்கு இந்தக் கவலையே இல்லை. பச்சை பாட்டில் இறக்குமதி பீரில் வரும் அந்த வாசனையை அதன் இயல்பான சுவை என்று நினைத்துப் பழகியவர்கள் உண்டு. அதே பீரைக் கேனில் ஒருமுறை குடித்துப் பார்க்கச் சொல்வேன்.

இங்கே ஒருவர் கேட்கலாம், ஐபிஏ என்பதே இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலில் வந்த பீர்தானே, அது மட்டும் எப்படித் தாங்கியது என்று. நியாயமான கேள்வி. ஆப்பிரிக்க முனையைச் சுற்றி வரும் அந்தப் பயணத்துக்கு நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். ஆனால் அன்றைய பீர் வேறு. மரப் பீப்பாயில் நாள்பட வைத்துப் பதமாக்குவதற்கென்றே காய்ச்சியது. ஹாப்ஸை அள்ளிப் போட்டதால் கெடுக்கும் பாக்டீரியா எளிதில் அண்டாது. சர்க்கரையைக் கிட்டத்தட்ட முழுதாகப் புளிக்கவிட்டிருப்பார்கள். மரத்தில் குடியிருந்த பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட் மாதக்கணக்கில் அதில் மெல்ல வேலை செய்யும். இந்த ஈஸ்ட்டை கார்ல்ஸ்பெர்க் ஆலையைச் சேர்ந்த கிளாசன் 1904-இல் விவரித்ததே இப்படி நாள்பட வைத்த ஆங்கிலேய பீர்களை ஆராய்ந்துதான். இன்று பழச்சாறு மாதிரி மணக்கும் ஐபிஏவுக்கு அந்தப் பெயர் மட்டும்தான் மிச்சம். பயணம் தாங்கும் உடம்பு இல்லை.

பயணம் தாங்கும் உடம்புள்ள பீர்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைத் தூரத்திலிருந்து வரவழைத்துத்தான் ஆக வேண்டும். பிரஸ்ஸல்ஸைச் சுற்றி லாம்பிக் என்ற புளிப்பு பீரைக் காய்ச்சும் ஆலைகளில், குளிர்காலத்தில் காய்ச்சிய தானியச் சாற்றை அகலமான தட்டைத் தொட்டியில் இரவு முழுக்கத் திறந்து வைத்து ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் எதையும் சேர்ப்பதில்லை. காற்றிலும் கட்டடத்திலும் பீப்பாயிலும் இருக்கும் நுண்ணுயிர்களே புளிக்கவைக்கின்றன. மணம் போன பழைய ஹாப்ஸைத்தான் வேண்டுமென்றே பயன்படுத்துகிறார்கள், அதனால் இழப்பதற்கு மணமே இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் அது குஸ். நல்ல குஸ் பத்து வருடம்கூட அசையாமல் நிற்கும். பெல்ஜியத்தின் ஓர்வால் துறவியர் மடத்தின் பீருக்கும் பாட்டிலில் அடைக்கும்போது பிரெட்டனோமைசிஸ் சேர்க்கிறார்கள். இளசாக இருக்கும்போது ஹாப்ஸ் மணக்கும், ஒரு வருடம் போனால் தோல் வாசனையும் உலர்ந்த முடிவுமாக வேறு ஆளாகிவிடும். இரண்டுமே எனக்குப் பிடிக்கும். என் அலமாரியில் தூரத்து பாட்டில்கள் இருக்கின்றன என்றால் அவை இந்த ரகம்தான்.

சரி, உள்ளூர் என்பது எந்த அளவுக்கு உள்ளூர்? ஒரு காலத்தில் தண்ணீரே பீரைத் தீர்மானித்தது. செக் நாட்டின் பில்சன் நகரத்து மென்னீரில்தான் 1842-இல் ஜோசப் குரோல் அந்த வெளிர் பொன்னிற லேகரைக் காய்ச்சினார். இங்கிலாந்தின் பர்ட்டனில் ஜிப்சம் கரைந்த கிணற்று நீர் ஹாப்ஸ் கசப்பைத் துலக்கிக் காட்டியது. டப்ளினின் கார்பனேட் உப்புக் கூடிய கடின நீருக்கு வறுத்த மால்ட்டின் (முளைகட்டி உலர்த்திய பார்லியின்) புளிப்பு பொருந்தியது. இன்று ஆர்ஓ இயந்திரம் வைத்து, வேண்டிய உப்பைச் சேர்த்து, எந்த ஊர்த் தண்ணீரையும் எந்த ஊரிலும் உண்டாக்கிக்கொள்ளலாம். மால்ட்டும் ஹாப்ஸும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். அமெரிக்காவின் யாகிமா பள்ளத்தாக்கு, ஜெர்மனியின் ஹாலர்டாவ், நியூசிலாந்தின் நெல்சன் என்று ஹாப்ஸ் விளையும் இடங்கள் குறைவு. ஆக, உள்ளூர் புரூவரியில் உள்ளூர் என்று சொல்லத்தக்கது காய்ச்சுபவரின் கையும், குடிப்பவருக்கும் அவருக்கும் நடுவே உள்ள குறைந்த நாட்களும்தான். எனக்கு அது பெரிய விஷயம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் கொண்ட பீர் உள்ளூரிலேயே காய்ச்சியதாக இருக்கலாம். கின்னஸ் நைஜீரியாவில் 1962-இலிருந்து காய்ச்சப்படுகிறது. ஜெர்மன் பெயர் பெற்ற பெக்ஸ் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் காய்ச்சப்பட்டது. வாங்கியவர்கள் இது ஏமாற்று என்று வழக்குப் போட, 2015-இல் பணம் திருப்பித் தரும் உடன்பாட்டில் அது முடிந்தது. பக்கத்தில் காய்ச்சுவதால் பீர் புதிதாக இருக்கும், அது நல்லதுதான். ஆனால் இறக்குமதி விலை கொடுக்கும் முன் பின்பக்க லேபிளில் காய்ச்சிய இடத்தைப் படித்துவிடுங்கள்.

உள்ளூர் புரூவரியின் குறைகளை மூடி மறைக்க நான் விரும்பவில்லை. அடிக்கடி கண்ணில் படுவது வெண்ணெய் வாசனை. புளிக்கும்போது ஈஸ்ட் டைஅசிட்டைல் என்ற பொருளை உண்டாக்குகிறது. கடைசியில் சில நாள் அதே வெதுவெதுப்பில் விட்டால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். தொட்டி காலியாக வேண்டும் என்ற அவசரத்தில் முன்கூட்டியே குளிர வைத்தால் வெண்ணெய் பீரிலேயே தங்கிவிடும். பச்சை ஆப்பிள் வாசனை வந்தால் அதுவும் அவசரத்தின் அடையாளம்தான். வேகவைத்த சோளம் மணந்தால் சாறு சரியாகக் கொதிக்கவில்லை. ஒரே குழாயில் வரும் பீர் மட்டும் புளித்தால் காய்ச்சியவர்மேல் தப்பில்லாமல்கூட இருக்கலாம், குழாயைக் கழுவியிருக்க மாட்டார்கள். இவற்றை எல்லாம் சின்ன ஆலைதானே என்று பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதே சமயம், காய்ச்சியவரிடமே நேரில் சொல்ல முடிவதுதான் பக்கத்தில் இருப்பதன் பெரிய வசதி. நல்ல புரூவர் கோபப்பட மாட்டார். உங்கள் கிளாஸை வாங்கி முகர்ந்து பார்ப்பார், எந்தத் தொட்டி என்று விசாரிப்பார்.

சுற்றுச்சூழலுக்காக உள்ளூர் பீரை வாங்குகிறேன் என்பவர்களுக்கு ஒரு தகவல். கொலராடோவின் நியூ பெல்ஜியம் ஆலை தன் ஃபேட் டயர் பீரின் கார்பன் கணக்கை 2008-இல் வெளியிட்டது. ஆறு பாட்டில் கொண்ட ஒரு பெட்டிக்கு ஏறக்குறைய 3.2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமமான உமிழ்வு வந்தது. அதில் முதலிடம் கடைக் குளிர்பெட்டிகளுக்கு, அடுத்தது கண்ணாடி பாட்டிலுக்கு. பீரை ஆலையிலிருந்து கடைக்குக் கொண்டுபோவதன் பங்கு அவற்றுக்குப் பின்னால்தான் வந்தது. எனவே கெக் என்ற உலோகப் பீப்பாயிலிருந்து குழாய் வழியாக வாங்குவதும், திருப்பிக் கொடுத்து மறுபடி நிரப்பும் பாட்டிலில் வாங்குவதும் கிலோமீட்டரைக் குறைப்பதைவிடக் கூடுதலாக உதவலாம். பக்கத்துப் புரூவரியில் இவை எளிது என்பது வேறு விஷயம்.

பெரிய ஆலைகள் ஒரே பீரை ஆண்டு முழுக்க மாறாமல் தருவதும் சாதாரணத் திறமை இல்லை, அதற்குரிய மரியாதையை நான் கொடுக்கிறேன். ஆனால் ஒரே ஒரு தொட்டி காய்ச்சிப் பார்த்துவிட்டு அடுத்த மாதம் வேறொன்றுக்குப் போகும் துணிச்சல் சின்ன ஆலைக்குத்தான் வரும். அதற்கு ஆதரவு தேவை. அதனால் குழாயில் உள்ளூர் பீர் இருக்கும் இடத்தில் முதலில் அதைத்தான் கேட்பேன், கூடவே எந்தக் கெக் கடைசியாகத் திறந்தது என்றும் கேட்பேன்.

தூரத்தில் சில பீர்கள் வரவழைக்க வேண்டியவை அல்ல, போய்க் குடிக்க வேண்டியவை. ஜெர்மனியின் கொலோன் நகரத்து கோல்ஷ் அப்படி ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த நகரத்திலும் அதை ஒட்டியும் காய்ச்சினால்தான் அந்தப் பெயரை வைக்க முடியும். 200 மில்லி பிடிக்கும் ஒல்லியான கிளாஸில், பீப்பாயிலிருந்து நேராக, சூடேறுவதற்குள் முடிந்துவிடும் அளவில் தருகிறார்கள். மாதக்கணக்கில் பயணித்த கோல்ஷ் பாட்டிலை வாங்குவதைவிட, அதே முறையில் பக்கத்துப் புரூவரி போன வாரம் காய்ச்சிய வெளிர் ஏலை வாங்குவதுதான் என் வழக்கம். அசலுக்கு இன்னும் பக்கமாக இருப்பது அதுதான்.