பழைய மாணவர் சங்கத் தளத்துக்கு எந்த ஹோஸ்டிங்?

கேள்வி: வலிகாமத்தில் உள்ள எங்கள் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்கு வேர்ட்பிரஸில் தளம் செய்கிறோம். இருபது பக்கங்களும், பரிசளிப்பு விழா, இல்ல மெய்வல்லுநர் போட்டிப் படங்கள் 1,500 அளவிலும் வரும். பார்ப்பவர்களில் பாதிக்கு மேல் லண்டன், பாரிஸ், ரொறன்ரோவில் இருக்கிறார்கள். 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங்கோடு டொமைனையும் தானே எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்: ஹோஸ்டிங்கை அவரிடம் எடுக்கலாம். டொமைனை, அதாவது தளத்தின் முகவரியை, மட்டும் அவர் பெயரில் விடாதீர்கள். ஹோஸ்டிங் என்பது தளத்தின் கோப்புகளை வைக்கும் இடம், வாடகை வீடு மாதிரி. சரிவராவிட்டால் ஒரு வார இறுதியில் மாறிவிடலாம். டொமைன் பிறர் பெயரில் இருந்தால், அவர் வெளிநாடு போனாலோ தொழிலை விட்டாலோ சங்கத்தின் முகவரியே கைவிட்டுப் போகும். பதிவு சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். கணக்கின் கடவுச்சொல் செயலாளரிடமும் பொருளாளரிடமும் இருக்கட்டும். பதிவுக்குக் கொடுக்கும் மின்னஞ்சல் அதே டொமைனில் உள்ளதாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுவிடும், புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் உங்களுக்குக் கிடைக்காது. டாட் எல்கே முகவரி வேண்டுமானால் அதை நிர்வகிப்பது எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரி, '.இலங்கை' என்ற தமிழ் முகவரியும் அவர்களுடையதே. டாட் ஆர்க் எடுத்தால், காலாவதிக்குப் பின் வரும் 30 நாள் மீட்புக் காலத்தில் வழமையான கட்டணத்தைவிடப் பல மடங்கு கேட்பார்கள். ஆகவே புதுப்பிக்கும் திகதியைச் சங்கக் கூட்டக் குறிப்பிலேயே எழுதி வையுங்கள்.

இனி, 'அன்லிமிடெட்' என்ற சொல். வட்டு இடம் உங்களுக்குச் சிக்கலே இல்லை. கைத்தொலைபேசிப் படம் ஒன்று 4 எம்பி என்றால் 1,500 படங்கள் 6 ஜிபி. ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1,600 பிக்சலாக்கினால் ஒன்று 300 கேபி அளவுக்கு இறங்கும். வேர்ட்பிரஸ் ஒவ்வொரு படத்துக்கும் சிறிய பிரதிகள் ஐந்து செய்துகொள்ளும். அவற்றோடு சேர்த்தாலும் ஒன்றரை ஜிபிக்குள் அடங்கும். ஆனால் கோப்புகளின் எண்ணிக்கை 9,000 ஆகிவிடும். ஒரே சேர்வரைப் பல தளங்கள் பங்கிடும் பகிர்வு ஹோஸ்டிங்கில் உண்மையான எல்லை இங்கேதான் இருக்கிறது: ஐநோட் என்ற கோப்பு எண்ணிக்கை வரம்பு. மின்னஞ்சல் ஒவ்வொன்றும் ஒரு கோப்பாகவே சேமிக்கப்படுவதால், யாரும் அழிக்காத இன்பாக்ஸ் ஒன்றே அந்த வரம்பைத் தின்றுவிடும். 'எத்தனை ஜிபி' என்று கேட்பதை விட்டு, 'ஐநோட் எத்தனை, ரேம் எவ்வளவு, ஒரே நேரத்தில் எத்தனை என்ட்ரி புரொசஸ்' என்று எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

என்ட்ரி புரொசஸ், அதாவது உங்கள் தளத்துக்காகச் சேர்வர் ஒரே நேரத்தில் கவனிக்கும் கோரிக்கைகளின் எண்ணிக்கை, மிக முக்கியம். மெய்வல்லுநர் போட்டியன்று மாலை படங்களின் இணைப்பு வாட்ஸ்அப் குழுக்களில் போனால், சில நிமிடங்களுக்குள் நூற்றுக்கணக்கானோர் ஒன்றாகத் திறப்பார்கள். என்ட்ரி புரொசஸ் 20 என்றால், வேர்ட்பிரஸ் ஒவ்வொருவருக்கும் பக்கத்தைப் புதிதாகச் சமைத்துக்கொண்டிருக்கும்போது அந்த 20 இடமும் நிரம்பி, மற்றவர்களுக்கு '508' என்ற பிழைப் பக்கம்தான் வரும். பெரிய திட்டத்துக்கு மாறச் சொல்வார்கள். மாற முன்னர் கேஷ் பிளகின் (ஒருமுறை செய்த பக்கத்தைச் சேமித்து வைக்கும் துணை மென்பொருள்) ஒன்றைப் போடுங்கள். ஆயத்தமாக இருக்கும் பக்கத்தை எடுத்துக் கொடுப்பதற்குச் சேர்வருக்கு வேலை மிகக் குறைவு. சேர்வரில் ஓடும் மென்பொருள் லைட்ஸ்பீட் என்றால் லைட்ஸ்பீட் கேஷ் பிளகினே போதும்.

சேர்வர் எங்கே இருக்க வேண்டும்? யாழ்ப்பாணத்து வாசகர்கள் மட்டும் என்றால் சிங்கப்பூர் என்று சொல்லியிருப்போம். உங்களுக்கு லண்டன் அல்லது பிராங்க்பேர்ட் பொருத்தம். ரொறன்ரோவுக்கும் நமக்கும் நடுவில் இருப்பது ஐரோப்பா; மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கடலடிக் கேபிள் பிரான்ஸ் வரை போகிறது. பக்கத்தின் முதல் எழுத்து வர முன்னரே உலாவியும் சேர்வரும் சில தடவை போய்வந்து பேச வேண்டியிருப்பதால், தூரம் அத்தனை தடவையும் சேர்த்து எண்ணப்படும். தளத்தின் பிரதிகளைப் பல நாடுகளில் வைத்துக் கொடுக்கும் கிளவுட்ஃபிளேர் சேவையின் இலவசத் திட்டத்தை முன்னால் வைத்தால், படங்கள் பார்ப்பவருக்குக் கிட்டவுள்ள இடத்திலிருந்து போகும். சேர்வரின் சுமையும் குறையும்.

விலை விஷயத்தில் முதல் வருடத் தொகையைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் தொகையைப் பாருங்கள். மூன்று வருடம் ஒன்றாகக் கட்டினால்தான் அந்த மலிவு என்று சிறிய எழுத்தில் இருக்கும். டொலரில் கட்டுவதென்றால் வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலே கேளுங்கள். அட்டை மாறியதைக் கவனிக்காமல் தானியங்கிப் புதுப்பிப்புத் தோற்பது அடிக்கடி நடக்கிறது. ரூபாயில் வாங்கி, தமிழில் தொலைபேசியில் பேசும் உள்ளூர்க்காரரிடம் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை. தளத்துக்கான இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாகக் காசு கேட்டால் மட்டும் மறுத்துவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது.

பேக்கப் (தளத்தின் காப்புப் பிரதி) ஹோஸ்டிங்காரர்கள் எடுப்பார்கள்தான். அது அதே சேர்வரில் கிடந்தால், சேர்வரோடு சேர்ந்து போகும். அப்ட்ராஃப்ட்பிளஸ் என்ற பேக்கப் பிளகினைப் போட்டு, வாரம் ஒருமுறை சங்கத்தின் கூகுள் டிரைவுக்கு அனுப்புங்கள். ஒருமுறையாவது அதை ஒரு துணை டொமைனில் மீட்டுப் பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

பழைய மலர்களில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரைகள் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றிய பின்னரே ஏற்றுங்கள். தரவுத்தளம் எழுத்துகளைச் சேமிக்கும் முறை யூடிஎஃப்8எம்பி4 ஆக இருக்கிறதா என்றும் பாருங்கள். லத்தீன்1 என்றால் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும், பிறகு மீட்க வழியில்லை.

என்றாவது வேறிடம் மாறுவதென்றால், அதற்கு முதல்நாளே, டொமைன் எந்தச் சேர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டிஎன்எஸ்ஸில் டிடிஎல்லை (அந்தப் பதிவைப் பிற கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை) 300 வினாடிக்குக் குறைத்து, தளத்தைப் புதிய இடத்தில் ஏற்றிச் சரிபார்த்து, பிறகு முகவரியைத் திருப்புங்கள். மின்னஞ்சல்களைத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். தளத்தின் பேக்கப்பில் அவை வராது. பழைய கணக்கை ஒரு வாரம் கழித்து நிறுத்தினால் போதும்.