பள்ளிக்கூடமும் பக்கத்து கம்பெனிகளும் சேர்ந்து அப்ரன்டிஸ் திட்டம் நடத்தணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

நீங்க கேட்டது, 16, 17 வயசுல இருக்கற உங்க ஸ்கூல் பசங்களுக்கு உள்ளூர் கம்பெனிகளோட சேர்ந்து அப்ரன்டிஸ் திட்டம் ஆரம்பிக்கணும், முதல்ல யாரைப் பாக்கணும், ஒப்பந்தம் எப்படி எழுதணும்னு. ஏழு வருஷம் ஒரு ஸ்கூலுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவுல ஓடிட்டு இருந்தவன்ங்கற முறையில சொல்றேன், ஒப்பந்தத்தை அப்புறம் பாத்துக்கலாம். பையன் பக்கத்துல நின்னு வேலை சொல்லிக்குடுக்கப் போற அந்த ஒரு ஆள் யாருன்னு முதல்ல கண்டுபிடிங்க. எங்களுக்கு இது புரிய ஒரு வருஷம் வீணாப் போச்சு.

முதல் வருஷம் நாங்க நேரா மேனேஜர்களப் போய்ப் பாத்தோம், எல்லாரும் ரொம்ப நல்லாவே பேசினாங்க, கையெழுத்துப் போட்டு போட்டோ எல்லாம் எடுத்து 12 பேர அனுப்பினோம். மூணு வாரம் கழிச்சு நான் போய்ப் பாத்தா ஒருத்தன் குடோன்ல அட்டைப்பெட்டி எண்ணிட்டு இருக்கான், ஒரு பொண்ணு காலையில இருந்து ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துலயே நிக்குது. சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். அவருக்கு பசங்க வராங்கங்கறதே அந்தத் திங்கக்கிழமை காலைலதான் தெரியுமாம். அவருக்குன்னு ஒரு டார்கெட் இருக்கு, ஷிப்ட் முடியறதுக்குள்ள அத முடிக்கணும், அதுக்கு நடுவுல ரெண்டு பசங்கள எங்க நிறுத்தறதுன்னு அவருக்குப் புரியல. அவர் மேல எனக்கு இன்னிக்கும் கோவம் இல்ல. ஆனா ரெண்டு மாசத்துல பாதிப் பேர் நின்னுட்டாங்க, அதுல ஒருத்தனோட அம்மா ஸ்கூலுக்கே வந்து "படிக்கற பையன எடுபிடி ஆக்கிட்டீங்களே சார்"னு கேட்டாங்க, என்கிட்ட பதில் இல்ல.

அடுத்த வருஷம் ஒரு சின்ன லேத் பட்டறை, மொத்தமே ஒன்பது பேர். அங்க ஒரு டர்னர், அதாவது லேத் மெஷின்ல இரும்பக் கடையறவர், 30 வருஷத்துக்கு மேல சர்வீஸ். அவர்கிட்டதான் முதல்ல பேசினேன், முதலாளிகிட்ட அப்புறம். ரெண்டு பேர மட்டும் அனுப்பினோம். முதல் நாள் அவர் பையன மெஷின் கிட்டயே விடல. கடைஞ்சு முடிச்ச 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் (உருண்டை இரும்புத் தண்டு) ஒண்ணையும், தடிமன நுணுக்கமா அளக்கற வெர்னியரையும் கையில குடுத்து "பத்து தடவ அள, பத்தையும் நோட்டுல எழுது"ன்னார். பையன் எழுதினது 25.02, 25.10, 24.96 இப்படி ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி. பையனுக்கு முகமே வாடிப்போச்சு, வெர்னியர் சரியில்லன்னு சொல்லிட்டான். அவர் அதே வெர்னியர வாங்கி அவன் விரல் மேல தன் விரல வச்சு அளந்து காமிச்சார், "இங்க பாருப்பா, சாய்ச்சுப் பிடிச்சா கூடக் காட்டும், அழுத்திப் பிடிச்சா கொறையும், இரும்ப அளக்கறதுக்கு முன்னாடி உன் கையை சரி பண்ணு". சாயங்காலத்துக்குள்ள எல்லா ரீடிங்கும் 0.02 வித்தியாசத்துக்குள்ள வந்துடுச்சு. அந்த நோட்ட எங்க கணக்கு டீச்சர்கிட்ட காமிச்சேன், அவங்க அந்த ரெண்டு செட் நம்பரையும் போர்டுல எழுதி சராசரியும் விலக்கமும் நடத்தினாங்க. சராசரி ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஆனா ஒரு செட்ட நம்பி ஜாப், அதாவது பட்டறையில ஒரு பொருள், பண்ணலாம், இன்னொண்ண நம்பிப் பண்ண முடியாது, ஏன்னு கிளாஸ் மொத்தமும் பேசுச்சு. எனக்கு இந்தத் திட்டம்னா அந்த ஒரு பீரியட்தான், பட்டறையில நடந்தது கிளாஸ்ரூமுக்குள்ள வந்தது.

சொல்லிக்குடுக்கற ஆள்தான் முக்கியம்ங்கறத நான் ஏதோ உணர்ச்சிவசப்பட்டு சொல்லலங்க. ஜெர்மனியில 1969லயே தொழிற்பயிற்சிக்குன்னு தனிச் சட்டம் போட்டுட்டாங்க, அங்க கம்பெனியில சொல்லிக்குடுக்கறவருக்கு சொல்லிக்குடுக்கத் தெரியும்னு நிரூபிக்க தனிப் பரீட்சையே இருக்கு. கம்பெனிகள் நிறைய சேரட்டும்னு 2003ல அந்த விதிய நிறுத்தி வச்சாங்க, தரம் பத்தி கவலை வந்ததும் 2009ல திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. இன்னொண்ணு, அங்க ஒவ்வொரு அப்ரன்டிஸும் பயிற்சிக் குறிப்பேடு ஒண்ணு எழுதணும், என்ன வேலை பண்ணேன் என்ன கத்துக்கிட்டேன்னு, பயிற்சியாளர் அதப் பாத்து ஒப்புதல் குடுக்கணும், அது இல்லாம இறுதிப் பரீட்சைக்கு உக்கார முடியாது. நாங்க காப்பி அடிச்சது இந்த ஒண்ணத்தான், வாரத்துக்கு ஒரு பக்கம். தொடர்ந்து ரெண்டு வாரம் "கூட்டிப் பெருக்கினேன்"னு எழுதியிருந்தா நான் மறுநாளே அங்க போய் நிப்பேன்.

கம்பெனிக்காரங்க கேக்கற முதல் கேள்வி "எனக்கு என்ன லாபம்"னுதான் இருக்கும், அது நியாயமான கேள்வி. சேவைன்னு சொல்லிக் கூப்பிடாதீங்க, சேவைன்னு வந்தவங்க வேலை நெருக்கடி வந்ததும் விட்டுட்டுப் போயிடறாங்க. சுவிட்சர்லாந்துல ஸ்கூல் முடிக்கற பசங்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேர் தொழிற்பயிற்சிப் பக்கம்தான் போறாங்க. அங்க நடந்த ஆய்வுகள்ல, பயிற்சி முடியறதுக்குள்ளயே அந்தப் பசங்க செய்யற வேலையோட மதிப்பு சராசரியா செலவத் தாண்டிடுதுன்னு வந்திருக்கு. ஜெர்மனியில பயிற்சிக் காலத்துல சராசரியா கம்பெனிக்கு கைக்காசு போகத்தான் செய்யுது, ஆனா அதே பையன வேலைக்கு வச்சுக்கிட்டா புது ஆள் தேடற செலவும் பழக்கற செலவும் மிச்சம். அதனால ஆரம்பத்துல உங்களுக்கு நஷ்டமாத்தான் இருக்கும், அதுக்கப்புறம் பாருங்கன்னு நேராவே சொல்லிடுங்க. மறைச்சுப் பேசினா அடுத்த வருஷம் அந்த வாசல்ல நிக்க முடியாது.

ஸ்கூல் பக்கம் பெரிய முட்டுக்கட்டை டைம்டேபிள்தான். ஆளுக்கொரு நாள் அரை நாள்னு பிச்சுப் பிச்சு அனுப்பினா பையன் போய் டிரெஸ் மாத்தி நிக்கறதுக்குள்ள திரும்பி வர நேரம் ஆயிடும், வாரத்துல முழுசா ரெண்டு நாள் ஒதுக்குனாத்தான் ஒரு ஜாப ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் பாப்பான். ஜெர்மனியில நேர்மாறா வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள்தான் ஸ்கூல், மிச்சம் கம்பெனி. ஸ்கூல்ல இருக்கும்போதே நடத்தறதுக்கு அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்தப் பாருங்க, 1991ல சட்டம் போட்டு ஆரம்பிச்சது இன்னும் ஓடுது, வருஷத்துக்கு குறைஞ்சது 450 மணி நேரம் சம்பளத்தோட வேலை, கூடவே அந்தத் தொழில் சம்பந்தமான பாடம்.

சம்பளம்னு சொன்னேன்ல, அதுல சமரசம் வேண்டாம். காசு குடுக்காத இடத்துல பையனோட நேரத்துக்கு மதிப்பு இருக்காது, அதோட வீட்டுல கஷ்டம் இருக்கற பசங்க இதுல சேரவே முடியாது, வசதி இருக்கறவங்க மட்டும்தான் வருவாங்க. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2023ல அப்ரன்டிஸ்களுக்குன்னே ஒரு பரிந்துரை, 208ம் எண், கொண்டு வந்திருக்கு, எழுத்துல ஒப்பந்தம், போதுமான ஊதியம், சமூகப் பாதுகாப்பு எல்லாம் அதுல இருக்கு. ஒப்பந்தம் எழுதும்போது அதப் பக்கத்துல வச்சுக்கோங்க. வயசு விஷயத்துல உங்க நாட்டுச் சட்டத்த ஒரு வக்கீல்கிட்ட காமிச்சே ஆகணும், 18க்குக் கீழ இருக்கறவங்கள எந்த மெஷின்ல, எந்த நேரத்துல நிறுத்தக்கூடாதுன்னு இருக்கும், அந்தப் பட்டியல சூப்பர்வைசர் கையிலயும் குடுங்க. விபத்து இன்சூரன்ஸ் யார் பேர்ல, ஸ்கூலா கம்பெனியாங்கறது முதல் நாளைக்கு முன்னாடியே முடிவாகணும்.

பெத்தவங்க பயம் வேற மாதிரி. "இதுல போனா காலேஜ் போக முடியாதா?" அந்த அம்மா என்னைக் கேட்டதும் ஒரு விதத்துல இதுதான். சுவிட்சர்லாந்துல தொழில் படிச்சவங்க மேற்படிப்புக்குப் போக 1990கள்லயே தனி வழி திறந்து வச்சாங்க, அந்தக் கதவு இருக்கறதாலதான் நல்லா படிக்கற பசங்களும் தைரியமா சேர்றாங்க. உங்க திட்டத்துலயும் பையன் எந்தப் பரீட்சை எழுதலாம், எந்தக் காலேஜ் இத ஏத்துக்கும்னு காகிதத்துல இல்லன்னா பெத்தவங்களக் கூப்பிட்டு மீட்டிங் போடாதீங்க.

அப்புறம் நடுவுல ஒரு ஆள் வேணும், அவருக்கு இது மட்டும்தான் வேலையா இருக்கணும். பாடம் நடத்தற டீச்சர் தலையில இதையும் கட்டினா பரீட்சை நேரத்துல யாரும் கம்பெனிக்குப் போன் பண்ண மாட்டாங்க. அந்த ஆளோட சம்பளம் எங்கிருந்து வரும்னு யோசிக்காம ஆரம்பிக்காதீங்க. அமெரிக்காவுல 1994ல ஸ்கூலையும் வேலையையும் இணைக்க ஒரு தேசியச் சட்டம் போட்டு பணம் குடுத்தாங்க, 2001ல அந்தச் சட்டத்தோட காலம் முடிஞ்சு பணம் நின்னுபோச்சு. உங்க திட்டத்துக்கும் மானியம்னு ஒண்ணு வந்தா அது ஒரு நாள் நிக்கும், அன்னிக்கும் அந்த ஆள் இருக்கணும். சின்னப் பட்டறைகளா இருந்தா நாலு பேர் சேர்ந்து ஒரு பையன எடுத்துக்கலாம், ஆறு மாசம் ஒரு இடம், அப்புறம் அடுத்தது. எங்களுக்கு இது நல்லா வேலை செஞ்சுது.

இப்போதைக்கு ஒண்ணு செய்யுங்க. சுவிட்சர்லாந்துல பசங்க அப்ரன்டிஸா சேர்றதுக்கு முன்னாடி சில நாள் கம்பெனியில போய் இருந்து பாக்கற வழக்கம் இருக்கு. வர்ற லீவுல அந்த மாதிரி மூணு நாள், ஒரே ஒரு கம்பெனி, நாலு பசங்க போதும். நாலாவது நாள் பசங்ககிட்ட கேக்கறதுக்கு முன்னாடி அவங்களோட நின்ன அந்தத் தொழிலாளிகிட்ட போய் உக்காந்து "அண்ணே, இவங்கள்ல யாரையாவது ஒரு வருஷம் உங்க கூட வச்சுக்குவீங்களா?"ன்னு கேளுங்க. அவர் ஒரு பையனோட பேரச் சொன்னாருன்னா, அன்னிக்கே மேனேஜர் ரூமுக்குப் போங்க.