வாசகர் கேள்வி பதில்: பழைய கொப்பிக் கடதாசியும் நானோநாரும்

ஹட்டன் வாசகி: எங்கள் மகளிர் குழு பழைய அப்பியாசக் கொப்பிகளைக் கூழாக்கிக் கடதாசி செய்கிறது. பை செய்தால் இழுத்ததும் பிய்ந்துவிடுகிறது. தாவர நாரை மிக நுண்ணிய இழைகளாகப் பிரித்த நானோநார் சேர்த்தால் உறுதியாகும் என்கிறார்களே, எவ்வளவு சேர்ப்பது?

பதில்: முதலில் ஒரு தாளைக் கிழித்து, கிழிந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். நார்கள் மயிர்போல் நீட்டிக்கொண்டு நின்றால், அவை அறாமல் உருவிக்கொண்டு வந்திருக்கின்றன. அப்படியானால் குறை பிடிப்பில்தான். ஒருமுறை காய்ந்த நாரின் சுவரில் நுண்துளைகள் ஒட்டி மூடிவிடும். திரும்ப நனைத்தாலும் பழையபடி ஊறாது, விறைத்தே கிடக்கும், பக்கத்து நாரோடு சேராது. அந்த இடைவெளியில் பாலம் போடத்தான் நானோநார். ஓரம் மொட்டையாக இருந்தால் நாரே குட்டை, அல்லது நலிந்து அறுகிறது. அதற்கு நானோநார் மருந்தல்ல. இழுவைப் பலம் கூடினாலும் கிழிசலைத் தாங்கும் பலம் குறையக்கூடும்.

பிடிப்புக் குறைதான் என்றால், காய்ந்த நிறையில் 100 கிராம் கூழை 20 லீற்றர் தண்ணீரில் கரையுங்கள். நானோநார் 3 கிராம் போதும். நானோநார் தண்ணீரோடு சேர்ந்த களியாகவே விற்கப்படும். வாங்கும் களியில் நார் 2 சதவீதமானால் அது 150 கிராம். களியை அப்படியே தொட்டியில் கொட்டாதீர்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீரில் பிளென்டரில் இரண்டு நிமிடம் அடித்த பிறகே ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் தாளை வெளிச்சத்தில் பிடிக்கும்போது மீன்கண்போல் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

நானோநாருக்கும் கூழுக்கும் ஒரே எதிர்மின்னேற்றம் என்பதால் ஒன்றையொன்று பிடிக்காது, தாள் வார்க்கும் வலை வழியே நானோநார் ஓடிவிடும். ஆகவே கடதாசித் தொழிலுக்கென்று விற்கும் நேர்மின்னேற்ற ஸ்டார்ச் 1 கிராமை 100 மில்லிலீற்றர் தண்ணீரில் காய்ச்சி, ஆறவிட்டு, முதலில் கூழில் கலக்குங்கள். கால் மணி கழித்து நானோநார். சமையல் மரவள்ளி மா இந்த வேலையைச் செய்யாது.

நானோநார் கூழின் காய்ந்த நிறையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் வலையில் தண்ணீர் வடியாது, தாள் சுருங்கி வளையும். அழுத்திப் பிழிந்து, பலகையில் ஒட்டியே காயவிடுங்கள். பலன் தெரிய, சேர்த்த தாளிலும் சேர்க்காத தாளிலும் 15 மில்லிமீற்றர் அகலத்தில் ஐந்தைந்து துண்டு வெட்டி, போத்தலைத் தொங்கவிட்டு, அறும்வரை தண்ணீர் ஊற்றி அளவு பாருங்கள்.

மடிப்பில் கிழிகிற பைக்கு எங்கள் யோசனை வேறு: கூழில் ஐந்தில் ஒரு பங்கு வாழைநார். காய்ந்த வாழை மட்டை 100 கிராமை 2 சென்ரிமீற்றராக நறுக்கி, 20 கிராம் சலவைச் சோடா, 2 லீற்றர் தண்ணீரில் மூன்று நான்கு மணி நேரம் அவியுங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், சோடா அரித்துவிடும். வழுவழுப்புப் போகக் கழுவி, மரச் சுத்தியலால் இடியுங்கள். செலவும் குறைவு.

பொகவந்தலாவை வாசகர்: தேயிலைக் கவ்வாத்தில் வெட்டிய குச்சியை பிளென்டரில் அரைத்தால் நானோநார் கிடைக்குமா?

பதில்: கிடைப்பது மரத்தூள். குச்சியில் லிக்னின் என்ற இயற்கைப் பசை நார்களை ஒட்டிப் பிடித்திருக்கிறது. அதை அவித்து வெளுத்து நீக்கிய கூழைத்தான், 1000 பார் அளவு அழுத்தத்தில் நுண்ணிய இடுக்கு வழியே திரும்பத் திரும்பச் செலுத்திப் பிரிக்கிறார்கள்.

பண்டாரவளை வாசகி: மிஞ்சிய நானோநார்க் களியைக் காயவைத்து எடுத்துவைத்தோம். இப்போது கரையவே மாட்டேன் என்கிறதே?

பதில்: இனிக் கரையாது. கொப்பி நாருக்கு நேர்ந்ததேதான் இதற்கும். காய்ந்ததும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டது. அடுத்த முறை மூடி போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறையவிட்டாலும் கட்டிபடும். புளித்த மணம் வந்தால் கொட்டிவிடுங்கள்.